மாயாபந்தர் கடைக்கார அண்ணாச்சி

அந்தமானின் மாயாபந்தரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் பையைத் தோளில் மாட்டுவதற்குள் கேள்வி வந்து விழும்: "தம்பிக்கு எந்த ஊரு? யார் வீட்டுக்கு?" கேட்பவர் போலீஸ் அல்ல, மளிகைக் கடை அண்ணாச்சி. ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் கான்வாயில் ஊர்ந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸோடு படகேறி, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 240 கி.மீ. குலுங்கி வந்தவருக்குத் தன் பெயரே சட்டென்று ஞாபகம் வராது. அண்ணாச்சி விடமாட்டார்.

2006-இல் வடக்கு, மத்திய அந்தமான் தனி மாவட்டமானபோது மாயாபந்தர் அதன் தலைநகர் ஆனது. டெபுடி கமிஷனர் ஆபீஸ் உண்டு, மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி உண்டு, நகராட்சிதான் இல்லை, பஞ்சாயத்து. 2011 கணக்குப்படி மாவட்டம் முழுவதற்குமே 1,05,597 பேர். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு சென்னை ரங்கநாதன் தெருவில் சிக்கியவர்கள் இந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் ரங்கநாதன் தெருவில் யாருக்கு யாரைத் தெரியும்?

இங்கே எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். 1925-இல் காட்டு வேலைக்காக வெள்ளைக்காரன் பர்மாவிலிருந்து கூட்டி வந்த கரேன் மக்கள் பக்கத்து வெபி கிராமத்தில் இருக்கிறார்கள். பிரிவினைக்குப் பின் குடியேற்றப்பட்ட வங்காளிகள், மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரர்கள், வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள். அண்ணாச்சி எல்லோரிடமும் இந்தியில் வியாபாரம் செய்வார், வங்காளியில் பேரம் பேசுவார். தமிழைக் கோபத்துக்கென்று தனியாக வைத்திருக்கிறார்.

மாயாபந்தரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. சூரியன் மட்டும் இங்கே ஐம்பது நிமிடம் முந்திக்கொள்ளும். கடிகாரம் என்னவோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அதனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அப்புறம் தூக்கம் வரும்வரை ஊர்க்கதை பேசாமல் வேறென்ன செய்வது?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் வந்தது. மத்திய அந்தமானில் அது கரையேறியது மாயாபந்தரில் இல்லை, ரங்கத்தில். அண்ணாச்சி அதற்காகக் கவலைப்படவில்லை. கப்பல் டிக்கெட் எப்போது கொடுப்பார்கள், மெயின்லேண்டிலிருந்து வெங்காயம் எப்போது வரும், ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் குடும்பத்தோடு வருகிறாரா, தனியாகவா – எல்லாம் அவரிடம் கேபிள் இல்லாமலே கிடைக்கும். வம்பு என்று சொல்லலாம்தான். காய்ச்சலில் இரண்டு நாள் கடைக்கு வராதவர் வீட்டுக்கு மூன்றாம் நாள் ரொட்டியும் பாலும் போய்ச் சேருவதும் இந்த வம்பால்தான்.

அரசு ஊழியர்களின் டிரான்ஸ்பர் விஷயத்தில் அவர் கணிப்பு தப்புவதே இல்லை. ஜாதகமெல்லாம் கிடையாது. ஆபீசர் வீட்டம்மா கடைக்கு வந்து, பேச்சோடு பேச்சாக, "காலி அட்டைப்பெட்டி ஏதாவது இருக்குமாண்ணா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"எத்தனை வேணுமோ எடுத்துக்குங்கம்மா," என்பார் அண்ணாச்சி, கடன் நோட்டைக் கல்லாவிலிருந்து உருவிக்கொண்டே. "கப்பல் எந்தத் தேதி? அதுக்குள்ள சாரை ஒரு தடவை இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க."