முத்தேச ஓட்டம்
ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் என்னும் மூன்று தேசங்களும் தனித்தனியே புகை கிளப்புவது வீண் விரயமென்று தெளிந்து, 2023 அக்டோபர் இறுதியில் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றைக் கூட்டாக நடத்தி, பிராகில் தொடங்கிப் பஸ்ஸாவில் கூடாரமடித்த வைபவத்தை எவ்வளவு சிலாகித்தாலும் தகும். அதன் விதிகளிலேயே ராஜதந்திரம் குடிகொண்டிருக்கிறது: சோதனைச் சாவடிக்குத் தாமதமாக வந்தால் நிமிஷத்துக்குப் பத்து வினாடிதான் தண்டம், முந்தி வந்துவிட்டாலோ நிமிஷத்துக்கு ஒரு முழு நிமிஷம்! அரசாங்கக் காரியாலயங்கள் இதைவிட உத்தமமான விதியை எங்கே தேடும்?

ஆதலால் எல்லைத் தகராறுள்ள தேசங்கள் தூதரகங்களை மூடிவிட்டு, ஒரு தேசத்து மந்திரி வண்டியோட்ட, மறுதேசத்து மந்திரி பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து வளைவுக் குறிப்புகளை வாசிக்குமாறு ஏற்பாடு செய்துகொள்வதே உசிதம். பள்ளத்தில் விழுந்தாலும் இருவரும் சேர்ந்தே விழுவார்கள் என்பது எந்தக் கூட்டறிக்கையிலும் கிட்டாத அனுகூலம்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னர், அக்டோபர் 16 அன்று, ஜெர்மனி தன் செக் எல்லையில் தற்காலிகக் காவற்சோதனையை ஏற்படுத்திற்றே என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். விவரமறியாதவர்கள்! எல்லை கடக்க ஆசைப்படுகிறவன் தலைக்கவசம் அணிந்து, கதவில் எண் ஒட்டிக்கொண்டு, நாலுகால் பாய்ச்சலில் வரவேண்டும். மூட்டை முடிச்சோடு நடந்து வந்தால் எப்படி?