பார்த்து எழுது

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் தமிழ் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். முத்து முத்தான எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக், ஓரத்தில் 'நன்று', கீழே தேதியோடு சுருக்கொப்பம். எந்த அதிகாரி வந்தாலும் குறை சொல்ல முடியாது. "தம்பி, நீ எழுதினதைக் கொஞ்சம் படி" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பையன் உங்கள் வாயைப் பார்ப்பான். முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தால் மீதியை ராகம் போட்டு ஒப்பிப்பான். விரல் வேறு வரியில் இருக்கும்.

வாசிக்கத் தெரியாமலே எழுதுகிற இந்த அபூர்வ வித்தைக்குச் செய்முறை எளிது. ஆசிரியர் பாடத்தை ஒருமுறை படிப்பார். பிறகு, "பென்சிலை எடுங்க. 'அந்தக் காட்டில்'னு இருக்குல்ல, அங்க ஒரு பிராக்கெட் போடு. 'வாழ்ந்தன'ல மூடு. அதான் முதல் கேள்விக்குப் பதில்." கேள்வி என்ன கேட்டது என்று யாருக்கும் கவலையில்லை. பிராக்கெட்டுக்குள் இருப்பது கரும்பலகைக்குப் போகும், அங்கிருந்து நோட்டுக்கு, நோட்டிலிருந்து மண்டைக்கு, மண்டையிலிருந்து விடைத்தாளுக்கு. காட்டில் வாழ்ந்தது முயலா யானையா என்று கேட்டால் பிள்ளை திருதிருவென்று முழிக்கும். கேட்டது நம் தப்பு.

கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது 'ஏசர்' ஆய்வு. இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாடு முழுவதும் 2022இல் 42.8 சதவீதம், 2024இல் 48.8 சதவீதம். ஏறியிருக்கிறதே என்று கைதட்டியவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் கணக்கு அந்தச் சராசரிக்கும் கீழே. உடனே இங்கே சண்டை கிளம்பியது. ஆளுநர் மாளிகைக்கு ஒரு புள்ளிவிவரம், கோட்டைக்கு ஒரு புள்ளிவிவரம். இரண்டு பக்கமும் சரளமாக வாசித்தார்கள். நடுவில் அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தவர் யாருமில்லை. சண்டை போட்டவர்களின் பேரப்பிள்ளை ஒன்று அந்தப் பையனின் வகுப்பறைப் பாயில் உட்கார்ந்திருந்தால் ஒரே பருவத்தில் எல்லாம் சரியாகியிருக்கும்.

பிள்ளைகளை வாசிக்க வைக்க, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்றார்கள். திட்டத்தில் பழுதில்லை. பாட்டு, கதை, பொம்மலாட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையறிந்து பிரிப்பது. எல்லாம் புத்தியுள்ள காரியம். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் இருப்பது இரண்டே பேர். ஒருவர் வாக்காளர் பட்டியலோடு தெருவில் நிற்கிறார். மற்றவர் கல்வித்துறையின் தகவல் பதிவான எமிஸைத் திறந்து வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் சிக்னல் தேடுகிறார். வருகைப் பதிவு, உயரம், எடை, மதிப்பீடு எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். பூக்காத பிள்ளையை அலைபேசியில் மலராக்கி விட்டால் வட்டாரத்துக்கு நிம்மதி, மாவட்டத்துக்குப் பாராட்டு.

தனியார் பள்ளியில் காசு கட்டுகிற பிள்ளை தப்பித்ததா? அங்கே நாலு கோட்டு நோட்டு. பென்சிலே பிடிபடாத எல்.கே.ஜி. விரல்களுக்கு ஆங்கிலக் கூட்டெழுத்து. ஆண்டுவிழாவில் அதைக் கண்காட்சி வைப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எழுதிய பிள்ளைக்குத் தெரியாது. தாளாளருக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த ஆண்டுச் சேர்க்கை நிரம்பினால் சரி.

படிக்காமல் எழுதிப் பழகிய கை நாளைக்கு நன்றாக உதவும். கடன் பத்திரக் கட்டை நீட்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வைத்துத் தருவார்கள். மூன்றாம் வகுப்பிலேயே பென்சில் குறிக்குக் கட்டுப்படக் கற்ற குடிமகன் வட்டி என்ன, அடமானம் எது என்று தொந்தரவு செய்யமாட்டான். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்கிறார்கள். நம்புகிறேன். திட்டமிட்டிருந்தால் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

சொந்தமாக நாலு வரி? ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை, 'எங்க ஆடு நேத்து ரெண்டு குட்டி போட்டுச்சு' என்று எழுதினால் பேச்சுவழக்கு என்று குறுக்கே கோடு. 'ஆடு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு' என்று எழுதினால் ஐந்துக்கு ஐந்து. விடிந்தால் ஆட்டின் முகத்தில் முழிக்கிறவனுக்கு அதன் காலை எண்ணிச் சொல்கிறது நம் பாடத்திட்டம்.

ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை தன் பெயர் போட்டு எழுதுகிற கடிதம் ஒன்றுதான்: விடுப்பு விண்ணப்பம். அம்மா நூறுநாள் வேலைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொண்டவன், கூரை ஒழுகிப் புத்தகம் நனைந்தவள், குலசாமி கும்பிடப் போனவன் எல்லோருக்கும் அதில் ஒரே காய்ச்சல். எல்லோரும் ஒரு நாள் விடுப்பைப் பணிவன்புடன் வேண்டுகிறார்கள். காய்ச்சல் இல்லை என்று ஆசிரியருக்குத் தெரியும். 'பணிவன்புடன்' என்பதில் 'ணி' மூன்று சுழியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒப்பமிடுவார். ஒரு பொடியன் மட்டும் நடந்ததை நடந்தபடி, தம்பியைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதி நீட்டினான். தாள் திரும்பி வந்தது.

"என்னடா இது? பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்து ஒழுங்கா எழுதிட்டு வா."