வாளும் வாளியும்

தேர்தல் வந்தால் கார்ட்டூனிஸ்டுகளுக்குக் கைகொடுப்பது அம்புலிமாமா ஓவியர் சங்கர்தான். வாளும் கையுமாக விக்கிரமாதித்தன், தோளில் தொங்கும் வேதாளம். ராஜாமேல் ‘வாக்காளர்’, வேதாளத்தின்மேல் ‘வாக்குறுதி’ என்று எழுதினால் வேலை முடிந்தது.

எண்ணூர்க்காரர்களுக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரமெங்கும் எண்ணெய் படர்ந்தபோது, வாளியும் கையுமாக அதை அள்ளியவர்கள் அவர்கள். வாய் திறந்தால் வாக்குறுதி மரமேறிவிடும். திறக்காவிட்டால் தலை வெடிக்கும்.

கதையிலாவது இருபத்தைந்து கதைக்குள் வேதாளம் வழிக்கு வந்தது. இங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் தோளுக்கே வருகிறது. மீதி நாளெல்லாம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த முருங்கையில் எப்படித்தான் தொங்குகிறதோ! அதற்கு இருமலே வராதா?