கொக்கி தாங்குமா?

எங்கள் பேட்டைக்குப் பேர் கொடுத்ததே, எரிப்பதற்கென்று மரத்தை அறுத்த ஒரு கம்பெனி. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி அது. தீக்குச்சிக்கு லேசான, மெத்தென்ற, சட்டென்று பற்றிக்கொள்கிற மரம் வேண்டும். கதவுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அந்த விம்கோ நகரில் இருந்துகொண்டுதான் வீட்டு உள்ளறைகளுக்குக் கதவு மாற்றக் கிளம்பினோம். 2021 பிப்ரவரியில் சென்னை மெட்ரோ ரயில் இங்கே வரை வந்துவிட்டதால், முன்பு போனில் யோசனை சொன்ன சொந்தக்காரர்கள் இப்போது நேரிலேயே வந்து சொல்கிறார்கள்.

மாமா முதல் ரயிலில் வந்தார். "பர்மா தேக்கு போடு" என்றார். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் அண்டாது, மழைக்கு அதிகம் உப்பாது. எல்லாம் உண்மை. விலையை மட்டும் அவர் சொல்லவில்லை. வாசற்கதவு தேக்கென்றால் தெருவே பார்க்கும். படுக்கையறைக் கதவை மாமா மட்டும்தான் பார்ப்பார். அவர் ஒருவருக்காக நகையை அடகு வைக்க முடியாது.

மச்சான் வேப்பமரம் என்றார். பக்கத்து வீட்டில் வேப்பங்கதவுதான். மரம் நீளவாக்கில் அசையாது. குறுக்குவாக்கில் ஈரத்தைக் குடித்து வீங்கும். ஐப்பசி மழையில் அந்தக் கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே போன தாத்தாவை வெளியே எடுக்கத் தோள் கொடுக்கவேண்டியிருந்தது. ஆசாரி வந்து இழைத்துவிட்டுப் போனார். சித்திரையில் கதவு சுருங்கி, அந்த இடைவெளியில் தாத்தா தூங்குகிறாரா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கடைக்காரர் மெரைன் ப்ளை கதவைத் தட்டிக் காட்டினார். "கப்பலுக்குப் போடுறது சார்!" துறைமுகம் இருக்கும் எண்ணூர் பக்கம் வீடு என்றால் எதையும் கப்பலோடு சேர்த்து விற்றுவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆசாரி அசரவில்லை. "ரூமுக்கு எதுக்கு சார் கப்பலு? ஃப்ளஷ் டோர் போதும். தட்டிப் பாரு, கெட்டியா கேக்கணும். டொக்குன்னா உள்ள அட்டை." உள்ளே மரத்துண்டுகளை நெருக்கி ஒட்டி, மேலே குறுக்கும் நெடுக்குமாக மரத்தகடு ஒட்டியது கெட்டி ஃப்ளஷ் டோர். ஒரு அடுக்கு வீங்கப் பார்த்தால் அடுத்த அடுக்கு பிடித்து இழுத்துவிடும்; கூட்டுக்குடும்பத்தில் தனியாகச் சினிமாவுக்குக் கிளம்புகிற மாதிரிதான். ஐ.எஸ். 2202 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. நான் கேட்டபோது கடைக்காரர் என்னை இன்ஜினியர் என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. விலை கொஞ்சம் இறங்கியது.

பாத்ரூமுக்கு டபிள்யூ.பி.சி. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்த பலகை. தண்ணீருக்கு ஊறாது, கரையானுக்கு ருசிக்காது. வெறும் பி.வி.சி. கதவு மலிவுதான், ஆனால் கொஞ்ச நாளில் நெளிந்துவிடும். அப்புறம் உள்ளே இருப்பவர் பாட்டுப் பாடிக்கொண்டேதான் குளிக்கவேண்டும்.

கதவைவிடக் கீல்தான் இங்கே முதலில் போகும். உப்புக்காற்று சாதா இரும்பைச் சும்மா விடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 ரகத்தைவிட 316 கடற்கரைக்குத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. இதை விளக்கியபோது மச்சான் தூங்கிவிட்டார்.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "கொக்கி தாங்குமா?"

உள்ளறைக் கதவின் வேலையை நம் வீடுகளில் அம்மாக்கள்தான் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் அப்பாவின் சட்டை, நைட்டி, மழைக்கோட்டு, மளிகைப்பை, பையை வைக்க இன்னொரு பை. இத்தனை கனத்தையும் திருகாணி பிடிக்கவேண்டும். அட்டை அடைத்த கதவில் திருகாணி சட்டையோடு சேர்ந்து கையில் வந்துவிடும். டபிள்யூ.பி.சி.யிலும் ஒரே ஓட்டையில் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் பிடிமானம் தளரும். கெட்டி ஃப்ளஷ் டோர் தாங்கும். மாமாவின் தேக்கும் தாங்கும்தான், ஆனால் அதில் ஆணி அடிக்க மாமா விடமாட்டார்.

கதவுகள் வந்தன. ஆசாரி கீல் பூட்டி முடிப்பதற்குள் அம்மா கொக்கிகளை வரிசையாக அடிக்கச்சொல்லி, பைகளையும் மாட்டிவிட்டார்.

"மூடிப் பாக்கட்டுமாம்மா?" என்றார் ஆசாரி.

"எதுக்கு?" என்றார் அம்மா.