மீட்டரைத் தட்டுற மாப்பிள்ளைக்கு

மாப்ளே, உங்க கார்ல மீட்டர் டிஸ்பிளே அணைஞ்சு போச்சாமே? சூலக்கரை மேட்டுல வண்டிய ஓரங்கட்டி டேஷ்போர்டுல நாலு தட்டு தட்டுனீகளாம், எரிஞ்சுச்சாம். கொஞ்ச தூரம் போனதும் அணைஞ்சுச்சாம், மறுபடியும் தட்டுனீகளாம். நல்ல வைத்தியம். கை வலிச்சாச் சொல்லுங்க, தைலம் அனுப்புறேன்.

அம்பாசடர் காலமா இருந்தா தட்டுறதுல தப்பே இல்ல. அதுல கியர்பாக்ஸ்ல இருந்து ஒரு கேபிள் சுத்திக்கிட்டே மீட்டருக்கு வரும். நுனியில காந்தம். அது சுத்தச் சுத்தப் பக்கத்துல உள்ள அலுமினியக் கிண்ணம் இழுபடும், கிண்ணத்தோட சேர்ந்து முள் நகரும். ஜெர்மனியில ஓட்டோ ஷூல்ட்சேங்கிறவரு 1902ல காப்புரிமை வாங்குன சூத்திரம். முள் ஆடுச்சா, கேபிளைக் கழட்டிக் கிரீஸ் தடவுனாப் போதும்.

இப்ப உள்ளது அந்த ரகம் இல்ல. சக்கரத்துக்கிட்ட இருக்கிற சென்சார் சொல்றதைக் கம்ப்யூட்டர் கேட்டு, வயர் வழியா மீட்டருக்குச் சேதி அனுப்பும். அங்க உள்ள குட்டி ஸ்டெப்பர் மோட்டார் முள்ளைத் தள்ளும். அதனால திரை இருண்டாத் திரைதான் குத்தவாளின்னு தீர்ப்பு எழுதாதீக. சேதி கொண்டு வர்றவன் வழியில படுத்திருக்கலாம்.

முதல்ல செலவு கம்மியான வேலையைப் பாப்போம். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. இஞ்சின் அணைச்சிருக்கையில பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், ஓடுறப்ப 14 பக்கம். குறைஞ்சா மீட்டர் மட்டுமில்ல, வண்டியில எல்லாமே கிறுக்குப் பண்ணும். அடுத்தது பியூஸ் பெட்டி. எந்த பியூஸ் மீட்டருக்குன்னு வண்டியோட குடுத்த புஸ்தகத்துல இருக்கு. அந்தப் புஸ்தகத்தைப் பிரிச்ச ஆளு நம்ம ஜில்லாவுல கிடையாது, நீங்க முதல் ஆளா இருங்க. அப்புறம் எர்த் கம்பி துருப்பிடிச்சிருக்கா, வயரை எலி கடிச்சிருக்கான்னு பாருங்க.

எல்லாமே சேந்து அணைஞ்சா கரண்டு வர்ற வழியில கோளாறு. ஒரு முள் மட்டும் செத்தா, அதோட சென்சார், இல்லன்னா அந்த முள்ளோட மோட்டார். எழுத்துல பாதிப் புள்ளியக் காணோம்னா, திரையையும் போர்டையும் சேக்கிற ரிப்பன் கேபிள் ஒட்டு விட்டிருக்கும். பழைய பிஎம்டபிள்யூ வண்டிகள்ல இது பேர்போன வியாதி. தட்டுனா எரியுது, விட்டா அணையுதுங்கிற உங்க கதையில, கனெக்டர் தளர்ந்திருக்கணும், இல்ல சால்டர் விரிசல் விட்டிருக்கணும். நம்மூரு வெயில்ல கண்ணாடிய ஏத்திவிட்டு நிறுத்துன வண்டிக்குள்ள டேஷ்போர்டு பகலெல்லாம் வேகுது, ராத்திரி ஆறுது. விரிசல் விடாம என்ன செய்யும்?

வேகம் சரியாத்தான் காட்டுதான்னு சந்தேகம் வந்தா, நாலுவழிச் சாலையில போறப்ப போன்ல ஜிபிஎஸ் வேகத்தைப் பாக்கச் சொல்லுங்க. பாக்க வேண்டியது பக்கத்து சீட்டுல எங்க மகள், நீங்க இல்ல. மீட்டர் ரெண்டு மூணு கிலோமீட்டர் கூடக் காட்டுனா அது நோய் இல்ல. உண்மை வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டவே கூடாதுன்னு ஐ.நா. வாகன விதி 39 சொல்லுது, அதனால கம்பெனிக்காரக கொஞ்சம் கூட்டியே வைப்பாக. கூட்டிச் சொல்றது உங்களுக்குப் புதுசா? பொண்ணு கேட்டு வந்தப்ப சம்பளம் எவ்வளவுன்னு சொன்னீக?

ஸ்குரூடிரைவரைத் தொடுமுன்ன, வாரண்டி இருக்கா, கம்பெனியே வண்டியத் திரும்பக் கூப்பிட்டிருக்கான்னு விசாரிங்க. 2025 நவம்பர்ல மாருதி சுசுகி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைக் கூப்பிட்டுச்சு. 2024 டிசம்பர் 9ல இருந்து 2025 ஏப்ரல் 29க்குள்ள செஞ்ச வண்டிக. ஸ்பீடோமீட்டர் அசெம்பிளியில எரிபொருள் அளவும் எச்சரிக்கை விளக்கும் சரியாக் காட்டாமப் போகலாம்னு சொல்லி, ஓசியிலயே பாகத்தை மாத்தித் தர ஏற்பாடு. அதுல ஒண்ணை எவனாவது வீட்டுலயே பிரிச்சுப் போட்டிருந்தா, சும்மா கிடைக்கிறதைக் காசு குடுத்துக் கெடுத்த பெருமை அவனுக்கு.

இல்ல மாமா, நானே பிரிப்பேன்னா பிரிங்க. ஆகாத காரியம் இல்ல. அமெரிக்காவுல 2003ல இருந்து சில வருசம் வந்த செவர்லே சில்வராடோவுல ஸ்டெப்பர் மோட்டார் வரிசையாச் செத்துச்சு. சனங்க சாப்பாட்டு மேசையில வச்சே பழசை எடுத்துப் புதுசுக்குச் சால்டர் வச்சாக. ஆனா ஸ்டியரிங்குக்குள்ள ஏர்பேக் இருக்கு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, புஸ்தகம் சொல்ற நேரம் வரைக்கும் பொறுங்க.

ஸ்டேட்டிக் கரண்டு இன்னொரு எமன். சிவகாசியில பட்டாசு அறைக்குள்ள போற ஆளு பருத்தித் துணி உடுத்தி, வாசல்ல உள்ள உலோகத் தகட்டைத் தொட்டு உடம்புல ஏறுன ஸ்டேட்டிக்கை இறக்கிட்டுத்தான் மருந்துல கை வைக்கணும். அங்க அது ஆளைக் கொல்லும், இங்க சிப்பைக் கொல்லும். நைலான் டீசர்ட்டோட போர்டைத் தடவாதீக. முள்ளைப் பிடுங்குமுன்ன அது நிக்கிற இடத்தைப் போட்டோ எடுங்க, இல்லன்னா நிறுத்துன வண்டி நாப்பதுல போகும். பழைய ஈயச் சால்டர் 183 டிகிரியில உருகும், இப்ப வர்ற ஈயமில்லாத சால்டருக்கு 217 பக்கம் வேணும். ரேடியோ ரிப்பேருக்கு வச்சிருந்த தாத்தா காலத்து அயர்னை வச்சு அழுத்துனா, போர்டுல உள்ள செம்புத் தடமே உரிஞ்சு வந்துரும். பேட்டரி, பியூஸ், எர்த், கனெக்டர் வரைக்கும் உங்க எல்லை. போர்டும் சிப்பும் ரிப்பனும் கை பழகுனவன் எல்லை.

காயலாங்கடையில ஒரு மீட்டரை வாங்கி மாட்டிரலாம்னு அடுத்த புத்தி வரும். மாட்டுங்க. கிலோமீட்டர் கணக்கு மீட்டருக்குள்ள உள்ள நினைவுச் சிப்புல இருக்கு, எவனோ ஓட்டுன ஓட்டம் உங்க தலையில ஏறும். ஃபோக்ஸ்வாகன்ல பல மாடல்ல திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசரும் மீட்டரோடயே இருக்கு. வேற மீட்டரை மாட்டுனா வண்டி கிளம்பாது. திருடன் வராமலே வண்டிய இழந்து நிப்பீக.

கடைக்குப் போனா, ஷோரூம்ல முழு மீட்டரையும் மாத்தச் சொல்வாக. கை பழகுன எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரரு பழுதான பாகத்தை மட்டும் மாத்துவாரு. மிளகா வத்தலுக்கு விலை விசாரிக்கிற ஊர்ல பொறந்துட்டு இதுக்கு ஒரே இடத்துல விலை கேட்டாக் கேவலம். எந்தப் பாகம் போச்சுன்னு கேளுங்க, பழைய பாகத்தைக் கையில வாங்குங்க, எத்தனை மாசம் வாரண்டின்னு எழுதி வாங்குங்க, குடுக்குமுன்ன கிலோமீட்டரைப் போட்டோ எடுங்க. ரிப்பேர் உரிமைக்குன்னு ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 24ல தொடங்குன இணையதளத்துல வாகனமும் ஒரு துறை. ஏமாத்துனா நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்க, என்கிட்ட வந்து அழாதீக.

ரிப்பேர் முடியிற நேரத்துல ஒருத்தன் குரலைத் தணிச்சு, "சார், கிலோமீட்டரைக் கொஞ்சம் குறைச்சு வச்சிரவா, விக்கிறப்ப நல்ல விலை போகும்"னு கேப்பான். வயசு குறைச்சுக் காட்ட ஆசை யாருக்குத்தான் இல்ல? ஆனா அப்படி மாத்தி வித்தா அது பாரதிய நியாய சன்ஹிதா 318வது பிரிவுல வர்ற ஏமாத்து. வேலை செய்யாத மீட்டரோடயே ஓட்டலாம்னும் நினைக்காதீக. வண்டியில ஸ்பீடோமீட்டர் இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 117 சொல்லுது.

அதனால மாப்ளே, மீட்டரைத் திருத்துங்க, கணக்கைத் திருத்தாதீக. தட்டுறதை இன்னையோட நிறுத்திட்டு, போய் பியூஸைப் பாருங்க.