கறுப்பும் கறுப்பும்

கொழிஞ்சாம்பாறைத் தமிழ் வாலிபர் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்கும், குமுளி வாலிபர் மலையிறங்கி மதுரைக்கும் மின்சாரக் கித்தார் வாங்கப் போய், சுவரில் அருகருகே தொங்கும் இரண்டு கறுப்பு வாத்தியங்களின் முன் நிற்கும்போது அடைகிற சித்தப்பிரமையை, பெண்ணுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கும் தகப்பனார்கூட அடைந்திருக்க மாட்டார். ஒன்று ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். மற்றொன்று, அதே கம்பெனி 1965-இல் விலைக்கு வாங்கி, 1982 முதல் மலிவுக் கித்தார்களுக்குச் சூட்டிவரும் ஸ்குவையர் என்ற நாமதேயத்தைத் தரித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். இரண்டுக்கும் ஆறு தந்தி, மூன்று பிக்கப், இருபத்தைந்தரை அங்குலத் தந்தி நீளம், ஒரே இரட்டைக் கொம்பு.

"அண்ணே, என்ன வித்தியாசம்?"

"வாசிச்சா தெரியும் தம்பி" என்கிறார் கடைக்காரர், வாசிக்கத் தெரியாதவனிடம்.

விலையுயர்ந்த கித்தார்கள் பலவற்றின் கழுத்தில், விரல் பதியும் பலகை நம் மேற்கு மலைகளில் வளரும் ஈட்டி மரத்தால் ஆனது என்பது இதில் ஓர் உபகதை. ஈட்டியின் குலம் முழுவதையும் 2017 ஜனவரியில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள், செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019-இல் விலக்கு அளித்தார்கள். இடுக்கியில் பட்டய பூமிக்காரரோ தம் நிலத்தில் நிற்கும் ஈட்டியை இஷ்டம்போல் வெட்ட முடியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மகன் அதன் ஒரு துண்டுக்காகக் கடன் கேட்கிறான்.

கடன் கிடைப்பதில்லை, ஆகவே ஸ்குவையரே வீடு வந்து சேர்கிறது, தலைப்பலகையில் பெயர் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டப்பட்டு.