ஒரு டன் மூட்டையும் ஒரு பிடித் தங்கமும்

1897 ஜூலை 17. சியாட்டில் துறைமுகத்தில் 'போர்ட்லண்ட்' என்ற கப்பல் வந்து நின்றது. கனடாவின் வடமேற்கு மூலையில் க்ளோண்டைக் ஆற்றுப் பக்கம் தங்கம் அள்ளியவர்கள் பெட்டியும் பையுமாக இறங்கினார்கள். 'ஒரு டன் தங்கம்' என்று பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டது. ஊருக்கே பித்துப் பிடித்தது. டிராம் ஓட்டியவர் டிராமை விட்டுவிட்டார். சான் பிரான்சிஸ்கோ போயிருந்த சியாட்டில் மேயர் வுட், ஊர் திரும்பவும் பொறுமையில்லாமல் தந்தியிலேயே ராஜினாமாவைத் தட்டிவிட்டுக் கப்பல் தேடக் கிளம்பினார்.

கிளம்பியவர்களுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். வடக்கே போக வேண்டும், அங்கே தங்கம் இருக்கிறது. அங்கே மைனஸ் 40, 50 டிகிரி குளிரும் இருக்கிறது என்ற மூன்றாவது விஷயத்தைக் கடைக்காரர்கள் அக்கறையோடு சொல்லித் தந்தார்கள். க்ளோண்டைக் கம்பளி, க்ளோண்டைக் அடுப்பு, க்ளோண்டைக் மருந்துப்பெட்டி என்று அந்தப் பெயரை ஒட்டிய எதுவும் விற்றது. தெருவோரம் தூங்கிக்கொண்டிருந்த நாய்கள் ஒரே இரவில் சறுக்குவண்டி இழுக்கும் உயர்ந்த ஜாதியாகப் பதவி உயர்வு பெற்று, நல்ல விலைக்குப் போயின.

இதற்குள் க்ளோண்டைக் ஆற்றுப் பக்கத்து டாசன் நகரத்தில் வேறு கதை. 1897 குளிர்காலத்தில் அங்கே பை நிறையத் தங்கம் இருந்தது, பானையில் மாவு இல்லை. தங்கத்தை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் வேகாது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இந்தச் செய்தி கேட்டு இரண்டு அரசாங்கங்கள் யோசித்தன. அமெரிக்க அரசு யோசித்தது பிரமாதமாக. நார்வேயில் 500க்கும் மேற்பட்ட ரெயின்டீர் மான்களை வாங்கி, கப்பலில் நியூயார்க்கிற்குக் கொண்டுவந்து, ரயிலில் சியாட்டிலுக்கு ஏற்றி, மறுபடி கப்பலில் வடக்கே அனுப்பியது. பசித்தவர்களுக்கு உணவு கொண்டுபோன மான்களுக்கே தீனி தீர்ந்துவிட்டது. பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. மிஞ்சியவை போய்ச் சேர்ந்தது 1899 ஜனவரியில். அதற்குள் பஞ்சமும் போய்விட்டது, பஞ்சத்தை மறந்தும் போய்விட்டார்கள்.

கனடா அரசு அவ்வளவு பெரிதாக யோசிக்கவில்லை. எல்லையில் இருந்த மலையுச்சியில் சில போலீஸ்காரர்களை நிறுத்தி, வருகிறவன் மூட்டையைப் பார்க்கச் சொன்னது. ஒரு வருஷத்துச் சாப்பாடு கையில் இல்லாதவன் உள்ளே வரக்கூடாது. ஆளுக்குச் சுமார் 500 கிலோ உணவு. 180 கிலோ மாவு, மூட்டை மூட்டையாக பீன்ஸ், உப்புப் போட்ட பன்றி இறைச்சி, சர்க்கரை, உலர்ந்த உருளைக்கிழங்கு. கூடாரம், அடுப்பு, ரம்பம், ஆணி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு டன். தனியாகப் போகிற பிரம்மச்சாரியின் சாமான், கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம் மாதிரி இருந்தது.

இதையெல்லாம் சில்கூட் கணவாய் வழியாகத் தூக்கிப் போக வேண்டும். பனியில் வெட்டிய சுமார் 1,500 படிகள். வெட்டியவர்கள் சும்மா விடுவார்களா, சுங்கம் வசூலித்தார்கள். ஒரு நடைக்கு 25 கிலோ தூக்கினால் முப்பது, நாற்பது நடை. மூச்சு வாங்க வரிசையை விட்டு விலகினால், திரும்ப நுழைய இடம் கிடைப்பது பெரும்பாடு. கீழே இறங்குவது சுலபம், உட்கார்ந்து சறுக்கினால் போதும். சுமை தூக்க உள்ளூர் டிலிங்கிட் மக்கள் இருந்தார்கள். அவர்கள் விவரமானவர்கள். வழியில் யாராவது கூலி அதிகம் தருவதாகச் சொன்னால், தூக்கிய மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு அவரோடு நடந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கொடுத்தாலும் வரமாட்டார்கள், சர்ச்சுக்குப் போக வேண்டும்.

உச்சிக்கு வந்தால், அமெரிக்காவில் வாங்கிய சாமானுக்கு அங்கே சுங்கவரி. அதைக் கட்டிவிட்டு பென்னட் ஏரிக்கு இறங்கி, டாசனுக்கு ஆற்றோடு போக மரத்தை அறுத்துப் படகு கட்ட வேண்டும். ஒருவன் மேலே, ஒருவன் கீழே நின்று அறுக்கும் ரம்பம். மரத்தூள் முழுக்கக் கீழே நிற்பவன் கண்ணில். பால்ய நண்பர்கள் இங்கேதான் பிரிந்தார்கள். பாகம் பிரித்தபோது வாணலியைக்கூட இரண்டாக அறுத்துக்கொண்டார்கள் என்பார்கள்.

1898 மே கடைசியில் ஏரி உருகியது. 7,000க்கும் மேற்பட்ட படகுகள் புறப்பட்டன. போலீஸ் அதிகாரி சாம் ஸ்டீல் ஒவ்வொரு படகுக்கும் நம்பர் போட்டு, பொல்லாத நீரோட்டம் வரும் இடத்தில் தேர்ந்த படகோட்டி இல்லாமல் போகக்கூடாது, பெண்களும் குழந்தைகளும் கரையோடு நடந்து வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். தங்கத்துக்காக வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் முணுமுணுக்க உயிரோடு இருந்தார்கள்.

டாசன் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி காத்திருந்தது: வளமான ஓடைகளையெல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் 1896லேயே வளைத்துப் போட்டாயிற்று. மிச்சமிருந்த நிலம் பாறைபோல் உறைந்து கிடந்தது. இரவில் தீ மூட்டி இளக்கி, காலையில் தோண்டி, வசந்தத்தில் தண்ணீர் ஓடும்போது அலச வேண்டும். குளிரை அளக்க யூகான் ஆற்றங்கரைக் கடைக்காரர் ஜாக் மெக்வெஸ்டன் நான்கு சீசா வைத்திருந்தார்: பாதரசம், மண்ணெண்ணெய், இஞ்சி டானிக், வலிமருந்து. எது உறைந்தது என்று பார்த்தால் குளிரின் அளவு தெரியும். நான்காவதும் உறைந்தால் வலிக்கு மருந்தும் கிடையாது, ஆகவே வீட்டோடு கிடக்க வேண்டும்.

கிளம்பியவர்கள் சுமார் ஒரு லட்சம். போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பதாயிரம். தங்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் நாலாயிரம் பேர் இருந்தால் அதிகம். ஜாக் லண்டன் என்ற இளைஞர் பல்லீறு வீங்கும் ஸ்கர்வியோடு திரும்பி, அதைக் கதையாக எழுதிப் பிழைத்துக்கொண்டார். 1899 கோடையில் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்று செய்தி வந்ததும், ஆயிரக்கணக்கானோர் டாசனை விட்டு அங்கே ஓடினார்கள். பாடம் கற்கவில்லை, மூட்டை கட்ட மட்டும் கற்றிருந்தார்கள்.

இத்தனை பேரில் புத்தியோடு நடந்துகொண்டது மலையுச்சியில் மூட்டையை நிறுத்துப் பார்த்த அந்தப் போலீஸ்காரர்கள்தான். ஆகவே வடக்கே குடிபோக நினைக்கும் அன்பர்களே, அங்கே என்ன கிடைக்கும் என்று சொல்பவரையும், என்ன உடுத்த வேண்டும் என்று விற்பவரையும் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். முதலில், ஒரு வருஷத்துக்கு என்ன சாப்பிடுவாய் என்று கேட்கிறவரைத் தேடிப்பிடியுங்கள்.